அறுபத்து மூன்று நாட்களின் கணக்கு

மணமுறிவுக்குப் பின் குழந்தை ஒருவரிடம் வளர்கிறது. மற்றவர் நீதிமன்றம் குறித்த நாட்களில் வந்து பார்க்கிறார். வளர்ப்பவருக்குத் தொலைதூரத்தில் வேலை அமைந்தால் இந்த ஏற்பாட்டை முழுவதுமாகப் பிரித்து மீண்டும் கட்ட வேண்டியிருக்கிறது. அந்தப் பணி நன்றாக நடந்தால் இரு பெற்றோரின் உரிமையும் நிற்கும். குழந்தைக்கும் இரண்டு வீடுகள் நிலைக்கும். இந்தியக் குடும்ப நல நீதிமன்றங்களில் இது எந்த வரிசையில் நடக்கிறது என்பதை ஒரு மாதிரிக் குடும்பத்தை வைத்துப் பார்க்கலாம். திருச்சிராப்பள்ளியில் தாய், தந்தை, எட்டு வயது மகள். இந்துத் திருமணச் சட்டப்படி விவாகரத்து முடிந்துவிட்டது. மகள் தாயிடம் இருக்கிறாள். தாய்க்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்திருக்கிறது.

முதல் வேலை, ஏற்கெனவே உள்ள உத்தரவை வரி வரியாகப் படிப்பது. வழக்கறிஞர் மூன்று விஷயங்களைத் தேடுகிறார். ஒன்று, குழந்தையை நீதிமன்ற எல்லைக்கு வெளியே அல்லது நாட்டுக்கு வெளியே கொண்டு செல்லத் தடை இருக்கிறதா. இரண்டு, தந்தைக்குத் தரப்பட்ட நாட்கள் எவை. மூன்று, அந்த உத்தரவு எந்தச் சட்டத்தின் கீழ் பிறந்தது. மூன்றாவதைத்தான் பலர் கவனிப்பதில்லை. 1890ஆம் ஆண்டின் காப்பாளர் மற்றும் சிறார் சட்டத்தின் 26ஆவது பிரிவு, நீதிமன்றம் நியமித்த காப்பாளர் அதன் அனுமதியின்றிக் குழந்தையை அதன் அதிகார எல்லையைவிட்டு அகற்றக் கூடாது என்கிறது. நீதிமன்றத்தின் அதிகாரத்துக்குத் தடையாக அப்படி அகற்றினால், 44ஆவது பிரிவின்படி 1,000 ரூபாய் வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிவில் சிறையோ விதிக்கலாம். இந்துத் திருமணச் சட்டத்திலும் ஒரு 26ஆவது பிரிவு உண்டு. தீர்ப்புக்குப் பிறகும் குழந்தையின் பொறுப்பு, பராமரிப்பு, கல்வி குறித்து அவ்வப்போது புதிய உத்தரவுகள் இட அது நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. எண் ஒன்றே என்பதால் மனுக்களில் இரண்டும் கலந்து வருவதுண்டு. நம் மாதிரிக் குடும்பத்துக்கு இரண்டாவதே பொருத்தம். விவாகரத்து வழங்கிய திருச்சி நீதிமன்றமே பிற்பாடும் வழக்கைக் கையில் வைத்திருக்கும். முதல் சட்டத்தின்படி போனால், குழந்தை சாதாரணமாக வசிக்கும் இடத்தின் நீதிமன்றத்துக்கே அதிகாரம். சிங்கப்பூரில் இரண்டு ஆண்டுகள் வசித்த பிறகு எந்த ஊர் சாதாரண வசிப்பிடம் என்று புதிய வழக்காடல் கிளம்பும்.

தந்தையின் உரிமை எதுவரை என்பதையும் இந்த நிலையிலேயே வரையறுக்க வேண்டும். மகள் தாயிடம் வளர்கிறாள் என்பதால் தந்தை காப்பாளர் நிலையை இழந்துவிடவில்லை. 1956ஆம் ஆண்டின் இந்துச் சிறார் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 6ஆவது பிரிவு தந்தையையும், அவருக்குப் பின் தாயையும் இயற்கைக் காப்பாளர் என்கிறது. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் ரிசர்வ் வங்கியை எதிர்த்துத் தொடுத்த வழக்கில் 1999இல் உச்ச நீதிமன்றம், தந்தை உயிரோடு இருக்கும்போதே தேவையான சூழலில் தாயும் காப்பாளராகச் செயல்படலாம் என்று அந்தப் பிரிவுக்கு விளக்கம் தந்தது. ஆகவே பள்ளி மாற்றம், பெரிய மருத்துவச் சிகிச்சை, நாடு மாறுதல் போன்றவற்றில் தந்தைக்குச் சொல் உண்டு. அவர் சொல்லே முடிவாகிவிடாது. அதே சட்டத்தின் 13ஆவது பிரிவின்படி குழந்தையின் நலனே முதன்மையான அளவுகோல்.

அடுத்தது அறிவிப்பு. இங்கே நம் சட்டத்தில் ஒரு குறை இருக்கிறது. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலச் சட்டம், குறைந்தது 50 மைல் தொலைவுக்கு, தொடர்ந்து 60 நாட்களுக்குக் குறையாமல் வீடு மாறினாலே அதை இடப்பெயர்வு என்று வரையறுக்கிறது. மற்ற பெற்றோர் ஒப்பவில்லை என்றால் மனு போட வேண்டும். புதிய முகவரி, புறப்படும் தேதி, காரணம், வேலைக் கடிதம், புதிய சந்திப்பு அட்டவணை, பயண ஏற்பாடு ஆகியவை அந்த மனுவிலேயே இருந்தாக வேண்டும். எதிர்ப்பைத் தெரிவிக்க 20 நாட்கள். இந்தியாவில் தூரத்துக்கும் நாட்களுக்கும் இப்படிப்பட்ட அளவு எதுவும் சட்டத்தில் இல்லை. அதனால் நல்ல வழக்கறிஞர்கள் தாங்களே ஓர் ஒழுங்கை ஏற்படுத்திக்கொள்கிறார்கள். மனுவுக்கு முன்பே விரைவு அஞ்சலில் ஓர் அறிவிப்பு அனுப்பி, புதிய அட்டவணையின் முன்வரைவையும் அதனுடன் இணைத்து, பதிலுக்குக் குறைந்தது 15 நாட்கள் தருகிறார்கள். விமானச் சீட்டு வாங்கிய பிறகு அனுப்பும் அறிவிப்பு எந்த நீதிபதிக்கும் கசப்பையே தரும்.

இனி ஆவணங்கள். தட்டச்சு செய்து பக்க எண்ணிட்ட ஆவணத் தொகுப்பின் வரிசையே மனுவின் தரத்தைக் காட்டிவிடும். முதலில் வேலை நியமனக் கடிதம். அதில் சம்பளம் தெளிவாக இருக்க வேண்டும். ஏனெனில் சிங்கப்பூரில் வேலை அனுமதி பெற்றவர் குழந்தையைச் சார்ந்தோர் அனுமதியில் அழைத்துக்கொள்ள மாதம் 6,000 சிங்கப்பூர் டாலராவது சம்பாதிக்க வேண்டும். இரண்டாவது பள்ளி. வெளிநாட்டுக் குழந்தைகளுக்கு அங்குள்ள அரசுப் பள்ளிகளில் இடம் உறுதியில்லை. நுழைவுத் தேர்வும் உண்டு. எனவே சேர்க்கைக் கடிதமோ, தேர்வுக்குப் பதிவு செய்த சான்றோ தேவை. கூடவே பள்ளியின் ஆண்டு நாட்காட்டி. பின்வரும் கணக்கு முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது. மூன்றாவது வீட்டு வாடகை ஒப்பந்தம், மருத்துவக் காப்பீடு, தாய் வேலையில் இருக்கும் மாலை நேரத்தில் குழந்தையை யார் பார்த்துக்கொள்வார் என்ற விவரம். நான்காவது, மகளின் கடவுச்சீட்டு. சிறாருக்கு வழங்கும் கடவுச்சீட்டு ஐந்து ஆண்டுகளுக்கோ 18 வயது வரையோ, எது முந்தியதோ அதுவரை செல்லும். நடுவில் புதுப்பிக்க நேரும்போது தந்தையின் கையெழுத்துப் பற்றிய கேள்வி வரும் என்பதால் அதற்கான வாசகத்தையும் மனுவிலேயே கேட்டுவிடுவது முறை.

இந்தப் பணியின் நுட்பம் அடுத்த கட்டத்தில் இருக்கிறது: நாட்கணக்கு. திருச்சியில் தந்தைக்கு இதுவரை என்னென்ன நாட்கள் இருந்தன என்பதை முதலில் எழுதுகிறார்கள். மே மாதம் தவிர்த்த 11 மாதங்களில் இரண்டாம், நான்காம் சனி ஞாயிறு: 22 வார இறுதிகள், 44 நாட்கள். கோடை விடுமுறையில் 15 நாட்கள். பொங்கலுக்கு இரண்டு, தீபாவளிக்கு இரண்டு. மொத்தம் 63 நாட்கள். இதுதான் அடிக்கோடு. புதிய அட்டவணை இந்த எண்ணைத் தொட வேண்டும். தொட முடியாவிட்டால் ஏன் என்று சொல்ல வேண்டும்.

சிங்கப்பூர்ப் பள்ளி ஆண்டு ஜனவரித் தொடக்கத்தில் தொடங்குகிறது. மார்ச்சில் ஒரு வாரம், ஜூனில் நான்கு வாரம், செப்டம்பரில் ஒரு வாரம், நவம்பர் - டிசம்பரில் ஆறு வாரம் விடுமுறை. ஆக 12 வாரம். ஜூனில் 21 நாட்கள் மகள் திருச்சிக்கு வருகிறாள். எஞ்சிய வாரம் தாயிடம். ஆண்டு இறுதியில் 28 நாட்கள் திருச்சியில் இருந்துவிட்டு, பள்ளி திறக்க ஐந்து நாட்களுக்கு முன்னாவது திரும்புகிறாள். மார்ச்சிலும் செப்டம்பரிலும் ஏழேழு நாட்கள் தந்தை அங்கே போகிறார். அந்த நாட்களில் மகள் அவருடன் தங்குகிறாள். 21, 28, 7, 7. கூட்டினால் 63. திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு நேரடி விமானம் நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் ஆகிறது என்பதால் பயணம் நாட்களை விழுங்குவதில்லை. இருந்தும் நல்ல வரைவில், வந்து இறங்கிய நாளுக்கு மறுநாளிலிருந்துதான் எண்ணிக்கை தொடங்கும்.

எண் பொருந்திவிட்டது. பொருந்தாதவற்றையும் மறைக்காமல் எழுத வேண்டும். பொங்கல் வரும்போது அங்கே பள்ளி திறந்திருக்கும். தந்தை பொங்கலை இழந்துவிடுகிறார். தீபாவளி சிங்கப்பூரில் பொது விடுமுறைதான், ஆனால் ஒரே நாள். மேலும் பதினைந்து நாட்களுக்கொரு முறை பார்த்துப் பழகிய குழந்தைக்கு மூன்று மாத இடைவெளி வேறு விஷயம். இடைவெளியை நிரப்ப வேண்டியது காணொளி அழைப்பு. 2020இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், பெற்றோர் வெவ்வேறு மாநிலங்களிலோ நாடுகளிலோ இருந்தால் குழந்தையுடன் இல்லாதவருக்கு நாள்தோறும் 5 முதல் 10 நிமிடம் பேசும் தொடர்பு உரிமை வேண்டும் என்று சொன்னது. அதைக் கடிகாரத்தில் பொருத்துகிறார்கள். சிங்கப்பூர் நேரம் நமக்கு இரண்டரை மணி முந்தியது. அங்கே இரவு 8.30, இங்கே மாலை 6.00. மகள் பாடம் முடித்துச் சாப்பிட்டிருப்பாள், தூக்கம் வந்திருக்காது. தந்தையும் வேலையிலிருந்து வந்திருப்பார் அல்லது வெளியே வந்து பேச முடியும். நாள்தோறும் 10 நிமிடம், ஞாயிற்றுக்கிழமை 45 நிமிடம், தவறினால் மறுநாள் அதே நேரம். ‘வசதியான நேரத்தில்’ என்ற சொற்றொடர் வரைவில் இருந்தால் அதை அடித்துவிட வேண்டும். அந்த ஒரு சொற்றொடரால் வந்த சண்டைகள் கணக்கில் அடங்கா.

மனு இப்போது தயார். பிரமாணப் பத்திரம், வக்காலத்து, ஆவணத் தொகுப்பு, நீதிமன்றக் கட்டணம், இவற்றுடன் தாக்கலாகிறது. குறை இருந்தால் அலுவலகம் திருப்பித் தரும். சரிசெய்து மீண்டும் கொடுத்த பிறகு எண் விழும். பிறகு எதிர்த்தரப்புக்கு அறிவிப்பு. குடும்ப நல நீதிமன்றச் சட்டம் 1984இன் 13ஆவது பிரிவின்படி வழக்கறிஞர் வைத்துக்கொள்வது தானாக வரும் உரிமையன்று. அதற்கும் ஓர் அனுமதி பெறுகிறார்கள்.

தந்தையின் எதிருரைக்கும் நல்ல தரம், கெட்ட தரம் உண்டு. தாயின் நடத்தையைப் பற்றி இருபது பக்கம் எழுதிய எதிருரையால் மகளுக்குப் பயனில்லை. தேர்ந்த எதிருரை மூன்று வேலைகளைச் செய்கிறது: வேலைக் கடிதம், பள்ளி, வீடு ஆகியவற்றில் உறுதியில்லாத இடங்களைச் சுட்டுகிறது, மகள் திருச்சியிலேயே தன்னுடன் இருந்தால் எப்படி வளர்வாள் என்பதைச் சான்றுகளோடு காட்டுகிறது, அனுமதி கிடைத்துவிட்டால் தனக்கு வேண்டிய அட்டவணையையும் மாற்றாக இணைக்கிறது. கடைசி வேலையைச் செய்யத் தந்தைமார் தயங்குகிறார்கள், தோல்வியை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று. நான் பார்த்தவரை நீதிபதி உத்தரவை எழுதும்போது மேசையில் இருக்கும் அட்டவணையைத்தான் எடுத்துக்கொள்கிறார். தாயின் அட்டவணை மட்டும் இருந்தால் அதுவே உத்தரவாகும். தீர்வு வரும்வரை குழந்தையை நாட்டைவிட்டு வெளியே கொண்டு செல்லக் கூடாது என்ற இடைநிலை மனுவும் இதனுடனேயே தாக்கலாகும்.

விசாரணைக்கு முன் சமரசம். குடும்ப நல நீதிமன்றச் சட்டத்தின் 9ஆவது பிரிவு இதை நீதிமன்றத்தின் கடமையாகவே வைத்திருக்கிறது. குடும்ப நல ஆலோசகர் இருவரையும் தனித்தனியாகவும் சேர்த்தும் அழைத்துப் பேசுவார்; தேவையானால் சமரச மையத்துக்கு அனுப்புவார்கள். போவதா வேண்டாமா என்ற கேள்வியிலிருந்து, போனால் எந்தெந்த நாள் என்ற கேள்விக்குப் பேச்சை நகர்த்துவதே ஆலோசகரின் திறமை. இரண்டு அட்டவணைகளையும் அருகருகே வைத்து, ஒத்துப்போகும் வரிகளை முதலில் குறித்துக்கொண்டால் மீதி நாலைந்து வரிகளாகச் சுருங்கிவிடும். இங்கேயே உடன்பாடு எழுதப்பட்டால் அது கையெழுத்தாகி நீதிமன்ற உத்தரவாக மாறும்.

உடன்பாடு வராவிட்டால் நீதிபதி குழந்தையிடம் பேசுவார். சொந்த விருப்பத்தை உருவாக்கிக்கொள்ளும் வயது வந்திருந்தால் அந்த விருப்பத்தைக் கருதலாம் என்கிறது 1890ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆவது பிரிவு. பேச்சு நீதிபதியின் அறையில் நடக்கும். பெற்றோர் வெளியே இருப்பார்கள். யாரிடம் இருக்க விருப்பம் என்று நேரே கேட்பது திறமையற்ற முறை. பள்ளித் தோழிகள் யார், பாட்டி வீட்டுக்கு எப்போது போவாய், அப்பாவுடன் கடைசியாக எங்கே போனாய் என்று கேட்டாலே வேண்டியது கிடைத்துவிடும். 2010இல் தில்லியிலிருந்து வந்த வழக்கொன்றில் உச்ச நீதிமன்ற நீதிபதிகளே சிறுவனைத் தனியே அழைத்துப் பேசினார்கள். தாய் ஆஸ்திரேலியாவில் வேலைக்குச் செல்ல விரும்பினார், தந்தை எதிர்த்தார். தாய்க்கும் தன் வாழ்க்கையை அமைத்துக்கொள்ளும் உரிமை உண்டு என்று கூறிய நீதிமன்றம், தந்தையின் சந்திப்பு உரிமையை விடுமுறைகளுக்கு மாற்றியமைத்த உத்தரவை நிலைநிறுத்தியது. 2020இல் கர்நாடகத்திலிருந்து வந்த வழக்கில் தாய் சிங்கப்பூருக்குக் குழந்தையை அழைத்துச் செல்ல அனுமதி கிடைத்தது. அங்கும் தந்தையின் சந்திப்புக்கான ஏற்பாடுகள் உத்தரவிலேயே இடம்பெற்றன.

சாட்சியத்தில் அதிகம் சொல்ல ஏதுமில்லை. முதல் விசாரணைப் பிரமாணப் பத்திரம், ஆவணங்களுக்குச் சான்றாவண எண், குறுக்கு விசாரணை, வாதம். முறையான ஆவணத் தொகுப்பு இருந்தால் இந்தக் கட்டம் விரைவாக நகரும்.

பிறகு உத்தரவு. அனுமதி ஒரு வரியில் முடியும். நிபந்தனைகள்தாம் பக்கங்களை எடுக்கும். நான் பாராட்டும் உத்தரவுகளில் ஒவ்வொரு நிபந்தனையும் அடுத்ததைத் தாங்கி நிற்கிறது. ஜூன் பயணச் செலவு தாய்க்கு, ஆண்டு இறுதிப் பயணச் செலவு தந்தைக்கு. சீட்டுகள் 45 நாட்களுக்கு முன் வாங்கப்பட்டு அவற்றின் பிரதி மின்னஞ்சலில் போக வேண்டும். ஆகவே யாரும் கடைசி வாரத்தில் ‘சீட்டு கிடைக்கவில்லை’ என்று சொல்ல முடியாது. தனியே பயணம் செய்யும் சிறாரை ஏற்கும் வசதி எல்லா விமான நிறுவனங்களிலும் இல்லை, வயது வரம்பும் மாறுபடுகிறது. ஆகவே யார் உடன் வருவார் என்பது பெயர் சுட்டி எழுதப்படுகிறது. இந்தியர்கள் சிங்கப்பூர் செல்ல விசா தேவை. எனவே மார்ச், செப்டம்பர் வருகைகளுக்கு வேண்டிய கடிதங்களைத் தாய் 30 நாட்களுக்கு முன் தர வேண்டும். பள்ளியின் மதிப்பெண் அறிக்கையும் மருத்துவ அறிக்கையும் இருவருக்கும் நேரடியாகச் செல்லும்படி பள்ளிப் படிவத்தில் தந்தையின் பெயரும் மின்னஞ்சலும் பதிவாகும். மகள் திருச்சியில் இருக்கும் 21 அல்லது 28 நாட்கள் கடவுச்சீட்டு தாய் தரப்பு வழக்கறிஞரிடமோ நீதிமன்றத்திலோ இருக்கும். முகவரி மாறினால் 30 நாட்களுக்கு முன் தகவல். வேறொரு நாட்டுக்குப் போவதானால் மீண்டும் அனுமதி.

இத்தனைக்கும் மேல் ஒரு பூட்டு தேவை. பன்னாட்டுக் குழந்தைக் கடத்தல் தொடர்பான 1980ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. சிங்கப்பூர் சேர்ந்திருக்கிறது. இந்தியா இல்லாததால் குழந்தை திரும்பி வராதபோது அந்த வழியில் உதவி கேட்க முடியாது. ஆகவே, அங்குள்ள நீதிமன்றமும் இதே வாசகத்தில் ஓர் இணை உத்தரவு இட வேண்டும் என்று நம் நீதிமன்றங்கள் நிபந்தனை விதிக்கத் தொடங்கியிருக்கின்றன. 2020இல் கென்யாவில் வாழும் தந்தையிடம் மகனை ஒப்படைத்தபோது உச்ச நீதிமன்றம், இரண்டு வாரத்தில் நைரோபி நீதிமன்றத்தின் இணை உத்தரவைப் பெற வேண்டும் என்றும், ஒரு கோடி ரூபாயை இரண்டாண்டு வைப்பாகச் செலுத்த வேண்டும் என்றும் விதித்தது. தந்தை நிபந்தனைகளைக் காக்கவில்லை. அடுத்த ஆண்டே நீதிமன்றம் தன் உத்தரவைத் திரும்பப் பெற்றது. அவமதிப்புக்காகவும் அவர் தண்டிக்கப்பட்டார். தாயிடம் மகன் வந்து சேர அது போதவில்லை. எனவே இணை உத்தரவு வந்து சேர்ந்த பிறகே குழந்தை விமானம் ஏற வேண்டும் என்று வரிசையை மாற்றி எழுதுவதே பாதுகாப்பானது. குழந்தை போகும் நாட்டின் நீதிமன்றம் அப்படியொரு உத்தரவை வழங்குமா, எத்தனை வாரம் ஆகும் என்பதை அங்குள்ள வழக்கறிஞரிடமிருந்து எழுத்தில் வாங்கி மனுவுடன் சேர்ப்பது சமரசக் கட்டத்துக்கு முன்பே முடிந்திருக்க வேண்டிய வேலை.

குடும்ப நல நீதிமன்றச் சட்டப்படி உத்தரவின்மீது மேல்முறையீட்டுக்கு 30 நாட்கள். திருச்சிக்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை; இரு நீதிபதிகள் கொண்ட அமர்வு விசாரிக்கும். அந்த 30 நாட்கள் கழியும்வரை புறப்படுவதில்லை என்று தாய் உறுதிமொழி கொடுப்பது நல்லெண்ணத்தைக் காட்டும். பயணத் தேதியையும் முதலிலேயே அப்படிக் குறித்திருந்தால் யாருக்கும் இழப்பில்லை.

குழந்தையின் பொறுப்பு பற்றிய எந்த உத்தரவும் இறுக்கமான இறுதி முடிவன்று, சூழல் மாறினால் மாற்றலாம் என்று 1973லேயே சென்னை வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. தேர்ந்த வரைவாளர் அந்த மாற்றத்தை முன்பே கணித்து வைக்கிறார். சிங்கப்பூரில் இரண்டாம் வகுப்பில் சேரும் மகள் நான்கு ஆண்டுகளில் ஆறாம் வகுப்பு இறுதித் தேர்வுக்கு வருவாள். அந்தத் தேர்வு செப்டம்பர் விடுமுறைக்குப் பின் சில வாரங்களில் தொடங்கிவிடும். தந்தையின் ஏழு நாள் வருகை அப்போது படிப்பைக் குலைக்கும். ஆகவே அந்த ஓர் ஆண்டுக்கு மட்டும் செப்டம்பரின் ஏழு நாட்கள் ஆண்டு இறுதிக்கு நகரும். 28 நாட்கள் 35 ஆகும். ஆறு வார விடுமுறையான 42 நாட்களுக்குள் அது அடங்குகிறது. பள்ளி திறக்க ஐந்து நாட்களுக்கு முன் திரும்ப வேண்டும் என்ற விதியும் உடையவில்லை. மொத்தம் அப்போதும் 63.